காலில் ஸ்பைடர் வெயின்: ஊசியா, லேசரா, அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி (ஒரு வாசகி), 3 மார்ச் 2024

வயது 34. இரண்டு பிரசவம் ஆகிவிட்டது. தொடையின் வெளிப்பக்கத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் பின்னிப் படர்ந்திருக்கின்றன. வலி என்று பெரிதாக இல்லை, சாயங்காலமானால் கால் கனக்கிறது. வைகாசியில் தங்கச்சி கல்யாணம். எங்கள் ஊரில் ஒரு கிளினிக்கில் "ஒரே சிட்டிங், லேசர் வைத்தால் அன்றைக்கே மறைந்துவிடும்" என்கிறார்கள். அம்மா, "புடவைக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது, பேசாம இரு" என்கிறார். இது ஆபத்தா? லேசர் வைத்துக்கொள்ளலாமா? செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள் அக்கா.

3 மார்ச், இரவு

ஒரே சிட்டிங்கில் அன்றைக்கே மறைவது நடக்காது. ஊசியோ லேசரோ, எதைச் செய்தாலும் முதல் சில வாரம் அந்த இடம் முன்பைவிட மோசமாகத்தான் தெரியும். அப்புறம்தான் மங்க ஆரம்பிக்கும். வைகாசிக்குள் கால் தெளிந்துவிடும் என்று நம்பி இப்போது பணம் கட்டிவிடாதீர்கள்.

நான் பள்ளி ஆசிரியை, திருச்சி. பல வருஷமாக நின்றே பாடம் நடத்துகிறேன். எனக்கும் இதே இடங்களில்தான் இருந்தது. ஊசி வைத்தியம், அதாவது ஸ்கிளீரோதெரபி செய்துகொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபத்தா என்று கேட்டீர்கள். தோலுக்குள் 1 மி.மீ.க்கும் மெல்லியதாக ஓடுபவைதான் ஸ்பைடர் வெயின். 1 முதல் 3 மி.மீ. வரை நீலமாகவோ பச்சையாகவோ தெரிபவை கொஞ்சம் ஆழத்தில் இருப்பவை, பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் மேலே உள்ள சின்னக் கோடுகளுக்கு ரத்தம் வருகிறது. 3 மி.மீ.க்கு மேல் போய், புடைத்து முறுக்கிக்கொண்டால் வெரிகோஸ். முதல் இரண்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் தோற்றம் சார்ந்த விஷயம், விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் அந்த இரண்டு மட்டும்தானா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

4 மார்ச், காலை

நேற்று விட்ட இடத்திலிருந்து. கால் கனக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அழகு கிளினிக்குக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாஸ்குலர் சர்ஜனிடம், அதாவது ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டி, டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுத்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் போதாது, நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். கெண்டைக்காலை அழுத்தி விடுவார்கள். விட்டதும் ரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கித் திரும்பி ஓடினால், சிரைக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

இது ஏன் முக்கியம் என்றால், அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் கிட்டத்தட்ட 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுவதால் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டிருந்தால் நடந்தாலும் சரியாக இறங்காது. அந்த அழுத்தத்தைச் சரிசெய்யாமல் மேலே தெரியும் கோடுகளுக்கு மட்டும் வைத்தியம் செய்தால், கோடுகள் திரும்ப வரும், செய்த இடத்தில் கறையும் அதிகமாக விழும். என் டாக்டர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டார். கேட்காதவரிடம் கால் காட்டாதீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

4 மார்ச், மதியம்

இன்னொரு வாசகி, குழந்தைக்கு ஐந்து மாதம், பால் கொடுக்கிறேன், ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறார். இப்போது வேண்டாம் மா. கர்ப்பத்தில் போடவே மாட்டார்கள், பால் கொடுக்கும்போதும் பொதுவாகத் தள்ளித்தான் போடுவார்கள். அதோடு, பிரசவத்தோடு வந்த கோடுகளில் பல, சில மாதங்களில் தானாகவே மங்கும். தானாகப் போவதற்கு எதற்கு ஊசி?

6 மார்ச்

ஊசி வலிக்குமா என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். என் அனுபவத்தை முழுசாக எழுதுகிறேன்.

ஊசி மிக மெல்லியது, 30 கேஜ், இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஊசி மாதிரி. எனக்கு ஏற்றிய மருந்து பாலிடோகனால். இது முதலில் மரத்துப்போக வைக்கும் மருந்தாகத்தான் உருவானது, அதனால் ஏற்றும்போது எரிச்சல் குறைவு. சில இடங்களில் சோடியம் டெட்ராடெசில் சல்பேட் என்ற மருந்து பயன்படுத்துவார்கள். வெறும் அடர்த்தியான உப்புக்கரைசல் போட்டுக்கொண்ட என் சகஆசிரியை ஒருவர் தசைப்பிடிப்பு போல இழுத்தது என்றார். எந்த மருந்து என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும். சுவர்கள் ஒட்டிக்கொண்டு குழாய் மூடும், பிறகு உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் காலம் பிடிக்கிறது. சின்ன சிவப்புக் கோடுகள் 3 முதல் 6 வாரம், நீலமானவை 3, 4 மாதம்.

என் டாக்டர் முதலில் நீலக் குழாய்களைத் தேடினார். தோலின் மேல் ஒரு விளக்கை வைத்து, உள்ளே எது எங்கே ஓடுகிறது என்று பேனாவால் குறித்துக்கொண்டார். முதலில் ரத்தம் ஊட்டும் குழாய், அப்புறம்தான் அதிலிருந்து விரியும் சிவப்புக் கோடுகள். சில இடங்களில் நீலக் குழாயில் மருந்து ஏறும்போதே அதைச் சார்ந்த சிவப்புக் கோடுகளும் வெளுத்ததை நானே குனிந்து பார்த்தேன். வலி என்று சொன்னால் கணுக்கால் பக்கம் சுருக்கென்று இருந்தது, தொடையில் அவ்வளவாக இல்லை. போட்டு முடித்ததும் போட்ட இடமெல்லாம் கொசு கடித்த மாதிரி தடித்து அரித்தது. ஒரு மணி நேரத்தில் அடங்கியது.

முடிந்த கையோடு காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ் மாட்டிவிட்டு, "வெளியே போய் அரை மணி நேரம் நடங்கள்" என்றார்கள். படுக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன், இங்கே நேர்மாறு. நடந்தால் ஆழத்தில் இருக்கும் பெரிய சிரைகளில் ரத்தம் தேங்காது, கட்டி பிடிக்கும் வாய்ப்பு குறையும்.

6 மார்ச், சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, பருவுக்குத் தரும் மினோசைக்ளின் எல்லாம். முன்பு காலில் ரத்தக்கட்டி வந்திருந்தாலோ, வீட்டில் யாருக்காவது வந்திருந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும். நுரை போல் அடித்து ஏற்றும் முறையும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அதில் கொஞ்ச நேரம் கண்முன் மின்னலடிப்பது போலத் தெரியலாம் என்று சொல்லி எனக்கு அதைத் தவிர்த்தார்கள்.

9 மார்ச்

கறையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கிளினிக் விளம்பரங்களில் இது இருக்காது.

குழாய் மூடியதும் உள்ளே கொஞ்சம் ரத்தம் அகப்பட்டுக்கொள்ளும். அந்த ரத்தத்தின் இரும்புச்சத்து தோலில் படிந்து, கோடு இருந்த பாதையிலேயே பழுப்புக் கோடாக நிற்கும். பத்துப் பேரில் ஒருவரிலிருந்து மூன்று பேருக்கு வரை இது வரலாம் என்பார்கள். நம் மாநிறத் தோலில் பழுப்பு மேலே பழுப்பு என்பதால் தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே தெரிகிறது. பெரும்பாலும் 6 மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மங்கும். சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். வெளுக்கும் கிரீம் தடவிப் பிரயோஜனம் இல்லை, அது தோலுக்குக் கருமை தரும் மெலனினுக்கு. இது இரும்பு.

குறைக்க ஒரு வழி உண்டு. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, கயிறு மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும் இடங்களில் ஊசி முனையால் குத்தி, கருத்துப்போன ரத்தத்தைப் பிதுக்கி எடுத்தார்கள். எடுத்த இடத்தில் வலியும் உடனே குறைந்தது. நாள் கழித்துப் பார்த்தால், பிதுக்கிய இடங்கள் தெளிந்துவிட்டன. நான் வேலைப்பளுவைச் சொல்லித் தள்ளிப்போட்ட முழங்கால் பக்கத்தில் மட்டும் பழுப்பு நின்று நிதானமாகத்தான் போனது. அந்தச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்றும் வரலாம். ஊசி போட்ட இடத்தைச் சுற்றிப் புதிதாகப் பொடிப்பொடியாகச் சிவப்புப் படலம் கிளம்பும். பார்த்தால் வயிறு கலங்கும். பெரும்பாலும் சில மாதத்தில் தானாக அடங்கும். அடங்காவிட்டால் அதற்கு ரத்தம் ஊட்டும் குழாய் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவார்கள். மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தால் சின்னப் புண்ணும் ஆகலாம், அது அபூர்வம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இதையெல்லாம் இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

10 மார்ச்

லேசர். என் அண்ணிக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஓர் அழகு நிலையத்தில், டாக்டர் பார்க்காமலேயே, முகத்துக்கு வைக்கும் லேசரைக் காலுக்கும் வைத்தார்கள். கொப்புளம் வந்தது, பிறகு வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. கோடுகள் அப்படியே இருக்கின்றன. அவர் அழுததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

லேசர் ஒளி ரத்தத்தின் நிறத்தைத் தேடிப் போய்ச் சுட வேண்டும். நம் தோலில் மெலனின் நிறைய. 532, 595 நானோமீட்டர் மாதிரிக் குறைந்த அலைநீளத்தை அந்த மெலனினே வாங்கிக்கொள்ளும், தோல் வெந்துபோகும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மெலனினைத் தாண்டி ஆழமாகப் போவதால் கருத்த தோலுக்கு அதுதான் பாதுகாப்பு அதிகம். அதிலும் தோலைக் குளிர வைத்துக்கொண்டே, முதலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கிளினிக்கில் "எத்தனை நானோமீட்டர்?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

காலுக்குப் பொதுவாக ஊசிதான் முதல் தேர்வு. ஊசி முனையே நுழையாத அளவு மெல்லிய சிவப்புக் கோடுகளுக்கும், ஊசிக்குப் பயந்து மயங்குபவர்களுக்கும் லேசர். முகத்தில் மூக்கோரம் தெரியும் கோடுகளுக்கு நேர் எதிராக, லேசர்தான், ஊசி போட மாட்டார்கள்.

13 மார்ச்

ஸ்டாக்கிங்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் இதைத்தான் பேச ஆசைப்பட்டேன்.

மருந்துக்கடையில் "லார்ஜ் கொடுங்க" என்று வாங்கக் கூடாது. காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன்னால், கணுக்கால், கெண்டைக்கால், தொடைச் சுற்றளவு எடுத்து வாங்க வேண்டும். ஊசிக்குப் பிறகு பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளதைத் தருவார்கள். ஒன்று முதல் மூன்று வாரம் வரை போடச் சொல்வார்கள், டாக்டருக்கு டாக்டர் மாறும்.

மாட்டுவதுதான் பெரிய வேலை. ஈரமில்லாத கால், கொஞ்சம் பவுடர், பாதத்தில் ஒரு வழுக்கலான பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு விரல் திறந்த வகை ஸ்டாக்கிங்ஸை மேலே ஏற்றினால் சுலபமாக ஏறும். ஏறியதும் பையை விரல் பக்கமாக உருவிவிடலாம். முக்கியமாக மெட்டி! வெள்ளி மெட்டியின் முனையில் சிக்கினால் நூல் பிரிந்து ஒரே நாளில் கிழியும். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் மாட்டும் நேரத்துக்கு மட்டும் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். கொலுசைக் கழற்றித்தான் ஆக வேண்டும். துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள்.

திருச்சி வெயிலில் சித்திரை மாதம் இதைப் போடுவது கொடுமை. அதனால் என்னைக் கேட்டால் இந்த வைத்தியத்துக்கு ஏற்ற காலம் மார்கழி. கல்யாணம், விசேஷம் கிடையாது, வெயிலும் தணிந்திருக்கும், பழுப்பு மங்கவும் முன்னால் மாதங்கள் கிடக்கின்றன.

கிரிவலம் போகலாமா என்று ஒருவர். போட்ட அன்றே நடக்கச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் 14 கிலோமீட்டரை முதல் இரண்டு வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பௌர்ணமிக்குப் போங்கள். ஜிம், பளு தூக்குதல், சுடச்சுட வெந்நீர்க் குளியல் எல்லாமே அந்த இரண்டு வாரம் வேண்டாம்.

17 மார்ச்

கேட்டவரின் அம்மா சொன்னதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் மாமியாரும் அதையேதான் சொன்னார். புடவைக்குள் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். குளிக்கும்போது, மருதாணி வைத்துக்கொள்ளும்போது, மகளோடு நீச்சல் கற்றுக்கொள்ளலாமா என்று யோசித்துத் தயங்கியபோது, எனக்குத் தெரிந்தது. அது போதுமான காரணம். செய்துகொள்ள ஆசைப்படும் பெண்ணிடம் "யாருக்காக?" என்று யாரும் விசாரணை வைக்க வேண்டாம். அதேபோல வேண்டாம் என்று விட்டுவிட்டவரையும் விடுங்கள்.

காப்பீடு மட்டும் இந்த வாதத்தை ஏற்காது. தோற்றத்துக்கான சிகிச்சை என்று கைவிரித்துவிடும். கைக்காசுதான்.

20 மார்ச்

விளக்கெண்ணெய், அட்டை விடுவது, டெலிஷாப்பிங் கிரீம், கால்மேல் கால் போடாமல் இருப்பது என்று வந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து: எண்ணெய் தேய்த்தால் கால் இதமாக இருக்கும், கோடு போகாது. எந்தக் கிரீமும் சரியாக மூடாத வால்வை மூட வைத்ததாக இல்லை. சிரைக் கோளாறுக்குத் தரும் டயோஸ்மின் மாத்திரை கால் கனத்தைக் குறைக்கலாம், கோட்டை அழிக்காது. கால்மேல் கால் போட்டதால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. பரம்பரைதான் பெரிய காரணம். வெரிகோஸ் பற்றி பிரான்ஸில் 134 குடும்பங்களைப் பார்த்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், அப்பா அம்மா இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 90 சதவீதம், இருவருக்கும் இல்லாவிட்டால் 20 சதவீதம் என்று வந்தது.

அடுத்தது நின்றே வேலை பார்ப்பது. ஜவுளிக்கடைப் பெண்கள், பரோட்டா மாஸ்டர், போக்குவரத்துப் போலீஸ், நாங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் 2018இலேயே வந்தது. ஆனால் இருக்கை போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கிற மேலாளர் இருந்தால் கால் என்ன செய்யும்? ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும்போது, "நீங்க உட்கார்ந்துக்கோங்க மா, நான் அவசரமா போகல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

14 ஏப்ரல்

கேட்டவர் தனிச்செய்தியில் ரிப்போர்ட் அனுப்பி, இங்கேயே எழுதச் சொன்னார். வலது கால் சுத்தம். இடது காலில் பெரிய சஃபீனஸ் சிரையில் (காலின் உட்பக்கமாகத் தோலுக்கு அடியில் மேலேறும் நீளமான சிரை), முழங்காலுக்கு மேலே ரத்தம் திரும்பி ஓடுகிறது. கனம் அங்கிருந்துதான். அதனால் வரிசை மாறுகிறது: முதலில் அந்தச் சிரையை உள்ளிருந்தே வெப்பத்தால் மூடுவார்கள், பிறகுதான் மேலே உள்ள கோடுகளுக்கு ஊசி. இதற்கும் லேசர் என்றுதான் பெயர், ஆனால் இது சிரைக்குள் மெல்லிய இழையைச் செலுத்திச் செய்வது. தோலின் மேல் வைக்கிற லேசர் இல்லை. இரண்டையும் குழப்பிப் பேசும் விளம்பரங்கள் இருக்கின்றன, கவனம். வால்வுக் கோளாறு ரிப்போர்ட்டில் இருப்பதால் இந்தப் பகுதிக்குக் காப்பீடு கிடைக்க வாய்ப்பு உண்டு, முன்அனுமதி கேட்டுப் பாருங்கள்.

மார்கழிக்குத் தள்ளிவைத்திருக்கிறார். நல்ல முடிவு தங்கச்சி. அதுவரை கல்யாண வேலையில் நின்றுகொண்டே இருக்காமல் நடமாடிக்கொண்டே இருங்கள், டாக்டர் சொன்ன ஸ்டாக்கிங்ஸைப் போடுங்கள்.

2 மே

மேலே ஒருவர், மாமனாருக்குக் கணுக்கால் பக்கம் நீலமாகப் புடைத்திருந்த இடத்தில் குளிக்கும்போது உரசி ரத்தம் பீறிட்டது, துணி கட்டி உட்கார வைத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். உட்கார வைக்காதீர்கள்! உடனே படுக்க வையுங்கள். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை மட்டும் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். தொடையில் இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். நிற்காவிட்டால் 108.

2 மே, இரவு

நின்றுவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. சரி, ஆனால் நாளைக் காலையிலேயே கூட்டிப்போங்கள். கணுக்காலைச் சுற்றி விசிறி போல நீலக் கோடுகள் விரிந்து, தோல் கருத்து மெலிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது தொடையில் தெரியும் ஸ்பைடர் வெயின் மாதிரி விட்டுவிடும் சங்கதி இல்லை, சிரை நோய் முற்றியதற்கு அடையாளம். அடுத்து புண் ஆகலாம். ரத்தம் பீறிட்ட அந்த ஓட்டையை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால் போதாது, முழுக்காலுக்கும் டாப்ளர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அந்த அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.